வெற்றி விருந்தில் உண்ணாதவர்

"அவர் நல்லவர்" என்று மட்டும் அன்று நான் சொல்லவில்லை. வின்சென்ஸ் ஒர்ட்னரை அடக்கம் செய்துவிட்டு, எங்கள் பனிச்சறுக்குத் தாவல் சங்கத்தின் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் மற்றதையெல்லாம் சொன்னேன். அவரிடம் பயின்றவள், அவருடைய இடத்துக்கு வரப்போகிறவள் என்பதால் என்னைக் கடைசியாகப் பேச அழைத்தார்கள். பேசியது இது.

சங்கத் தலைவர் அவர்களே, திருமதி ஹெட்விக் ஒர்ட்னர் அவர்களே, இந்தப் பனியிலும் மலையேறி வந்திருக்கும் ஊர்மக்களே, வணக்கம்.

ஆஸ்திரியாவின் மாவீரர் போய்விட்டார். இருபது வயதில் புத்தாண்டுப் போட்டியை வென்றவர் யார்? நம் வின்சென்ஸ். முழங்கால் சிதைந்த பிறகும் அடுத்த குளிர்காலத்திலேயே தாவுமேடை ஏறியவர் யார்? நம் வின்சென்ஸ். அவர் தூக்கிய கோப்பை அவரைவிடக் கனமானது என்று ஒரு பத்திரிகை கேலி எழுதியது. அதை அவர் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்.

அவ்வளவு இலேசானது எப்படி? பசியால், அன்பர்களே. உடல் இலேசானால் தொலைவு பறக்கலாம்; ஆனால் போட்டியில் நம்மை நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைந்தால் சறுக்குப் பலகையின் நீளத்தைக் குறைத்துவிடுவார்கள். பலகை குறுகினால் காற்று தாங்காது. ஆகவே வயிறு குலுங்கத் தண்ணீர் குடித்துவிட்டுத் தராசில் ஏறவும், பிறகு மேடைக்குப் பின்னால் போய்க் கக்கவும் அவர் கற்றுக்கொடுத்தார். நான் சிறுமியாக அங்கே குனிந்து நின்றபோது என் தலைமுடி முகத்தில் விழாமல் பிடித்துக்கொண்டவர் அவர்தான். எவ்வளவு அக்கறை!

கூடம் சிரித்தது. துணைப் பயிற்சியாளர் அல்ஃபோன்ஸ் முன்வரிசையிலிருந்து, "பின்ன? வறுத்த வாத்தத் தின்னுட்டு வாத்து மாதிரிதான் நடக்கலாம், பறக்க முடியுமா?" என்றார். சிரிப்பு பெருகியது. நான் தொடர்ந்தேன்.

வெற்றி விருந்தில் பன்றிக்கறி வைத்த மாவுருண்டை வரும். முதல் உருண்டை வென்றவருக்கு என்பது நம் பள்ளத்தாக்கின் வழக்கம். வின்சென்ஸ் அதை மாற்றினார். வென்றவர் அதைப் பிட்டுத் தோற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும், தான் தொடக் கூடாது. மாநிலப் பட்டம் வென்ற அன்று நான் ஒரு விள்ளலை வாயில் போட்டுவிட்டேன். "துப்பு" என்றார். உங்கள் எல்லோர் முன்னும் துப்பினேன். நீங்கள் கைதட்டினீர்கள். நினைவிருக்கிறதா?

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஹெட்விக் அம்மாள் தலை நிமிராமலே பேசினார்: "எனக்கு நெனவிருக்கு. வீட்லயும் அப்படித்தான். கல்யாணம் ஆன நாள்லேருந்து சமைச்சு சமைச்சு எடுத்து வச்சேன். கடைசியா ஆஸ்பத்திரியில அவரே சூப்பு கேட்டாரு. உள்ள எறங்கல." நான் பேச்சைத் தொடர்ந்தேன்.

அவரது பணியைத் தொடர்வேன் என்று நான் இங்கே உறுதி கூற வேண்டும் என்றார்கள். கூறுகிறேன். காற்றைக் கணிக்கவும் அஞ்சாமல் குதிக்கவும் அவர் எனக்குக் கற்றுத் தந்ததை உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவேன். ஆனால் கக்கிவிட்டு வந்த பிள்ளையை மேடையில் ஏற்ற மாட்டேன். பிலோமினா நேற்றுப் பயிற்சியில் மேடைப் படியிலேயே மயங்கி விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அவள் தாவப்போவதில்லை. முதலில் சாப்பிடட்டும்.

பிலோமினா எழுந்தாள். பதினைந்து வயது. சங்கத்தின் மேல்சட்டை அவள் தோளில் கொடியில் தொங்குவதுபோலத் தொங்கியது.

"நோட்பர்கா அக்கா, அவரு சொன்னபடி கேட்டு நீங்க ஜெயிச்சீங்களா, இல்லையா?"

"ஜெயிச்சேன்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் ஊட்டிவிடப் பாக்குறீங்க?"

பின்வரிசையில் சிலர் அவளுக்குக் கைதட்டினார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த வின்சென்ஸின் படத்தைப் பார்க்காமல், அவளைப் பார்த்தே முடித்தேன்: வின்சென்ஸ் ஒர்ட்னர் பசியோடு போனார். அந்தப் பசி அவரோடு போகட்டும்.

அன்று மாலையே சங்கம் கூடிப் பயிற்சியாளர் பொறுப்பை அல்ஃபோன்ஸிடம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பிலோமினா தாவினாள். எல்லோரையும்விடத் தொலைவில் போய் இறங்கினாள்.