சிவப்பு நட்டு

ராணுவப் பச்சை மேல கறுப்பு அடிச்சா அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது சார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், ரெண்டு கோட்டு பிரைமர் விடணும், அப்புறம்தான் கறுப்பு. அவசரப்பட்டா ஒரே மழையில பச்சை எட்டிப் பார்க்கும். நான் அவசரப்படற ஆள் இல்ல. பத்து மாசம் அந்த லாரியோடயே கிடந்தேன்.

லாரி அத்தானோடது. அத்தான்னா என் அக்கா வீட்டுக்காரர். ராணுவம் கழிச்சுப் போட்ட வண்டியை ஏலத்துல எடுத்து, என் பட்டறை வாசல்ல கொண்டுவந்து நிறுத்தினாரு. "மச்சான், இதைக் காடு மேடெல்லாம் ஏறுற வண்டியா மாத்தணும்"னாரு. மாத்திக் கொடுத்தேன். அவர் ஏத்தின ஒரே மேடு எங்க தெரு வேகத்தடைதான். அதையும் மூணு பக்கத்துல இருந்து படம் பிடிச்சாரு.

கேபினை வெட்டிக் கூரையை ஒரு ஜாண் உயர்த்தினேன். பின்னாடி படுக்கை, அடுப்பு, தண்ணி டேங்க். முன்னாடி வின்ச்சு, அதாவது சேத்துல மாட்டினா வண்டி தன்னைத்தானே இழுத்துக்கற கம்பிச் சுருள். அத்தான் சேத்தைப் பார்த்தாலே செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குவாரு, அது வேற விஷயம்.

ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் கையில கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கிட்டு செல்போன் முன்னாடி வந்து நிப்பாரு. "நானே வெட்டினேன், நானே வெல்டிங் வெச்சேன்." நெட்டுல போட்டா லட்சம் பேர் பார்ப்பாங்க. ஒரு தடவை படத்தோட ஓரத்துல என் கை விழுந்துடுச்சு. அது யாருன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, "எடுபிடி"ன்னு பதில் போட்டிருந்தாரு. அக்காதான் படிச்சுக் காட்டிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அக்கா சிரிச்சா நானும் சிரிச்சிடுவேன், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவ அவதான்.

இப்போ சக்கரத்துக்கு வரேன். அந்த மாதிரி பழைய ராணுவச் சக்கரம் ஒரே தகடு கிடையாது. ரெண்டு தட்டைச் சேர்த்து நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். உள் வரிசை நட்டைக் கழட்டினா சக்கரம் வண்டியை விட்டு வரும். வெளி வரிசை நட்டுதான் அந்த ரெண்டு தட்டையும் பிடிச்சுட்டு இருக்கறது. டயர்ல காத்து இருக்கறப்போ அதைக் கழட்டினா தட்டு பிச்சுக்கிட்டு நேரா மூஞ்சிக்கு வரும். அதனாலதான் வெளி வரிசைக்கு மட்டும் சிவப்பு அடிச்சிருந்தாங்க. தொடாதேன்னு அர்த்தம். இந்த மாதிரி வண்டியில கை வெச்ச எவனுக்கும் இது தெரியும். நானே செஞ்சேன்னு ஊருக்குச் சொல்றவருக்குத் தெரியல.

அவருக்கு வண்டி முழுக்கக் கறுப்பா இருக்கணும். "இது என்ன மச்சான், அம்மை போட்ட மாதிரி சிவப்பு சிவப்பா? இதையும் கறுப்பாக்கு."

"எல்லா நட்டுமா அத்தான்?"

"எல்லாம்தான். ஒண்ணுகூடத் தெரியக் கூடாது."

சரின்னேன். வண்டிக்காரர் சொன்னதைச் செய்யறதுதானே தொழில். இதுல என் தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.

அடுத்த வாரம் மறுபடி வந்தாரு. நடுக்காட்டுல ஒத்தை ஆளா சக்கரம் மாத்தறது எப்படின்னு படம் பிடிக்கப் போறாராம். எந்த நட்டைக் கழட்டணும்னு கேட்டாரு. வெளி வரிசைன்னேன். கறுப்பு அடிச்சது அவர் சொல்லித்தான் சார். இதை மட்டும் நானாச் சொன்னேன். காத்தை இறக்கணுமான்னு அவர் கேட்கல. கேட்டிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், மறைப்பானேன்.

நான் ஏமாந்தது ஒரே இடத்துலதான். "நானே மாத்தப் போறேன்"னு அவர் சொன்னதை நம்பிட்டேன். லட்சம் பேர் நம்பலாம். பத்து மாசம் கூடவே இருந்து பார்த்த நான் நம்பலாமா? அந்த மனுஷன் ஸ்பானரைப் படத்துக்குத் தவிர கையால தொட்டதே இல்ல. அன்னிக்கும் செல்போனை அவர் பிடிச்சுக்கிட்டு, அக்கா கையில உறையை மாட்டிவிட்டுச் சக்கரத்துக்கு நேரா உட்கார வெச்சிருக்காரு. உறை போட்டா யார் கைன்னு தெரியாது பாருங்க. கடைசி ரெண்டு நட்டு பாக்கி இருக்கறப்போ வெடிச்சிருக்கு. முகத்தை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க.

அவளுக்கு எதுக்கு இந்த வேலை? செல்போனை வாங்கி அவ பிடிச்சிருந்தா, புருஷன் இல்லாட்டியும் அவ உயிரோடவாவது இருந்திருப்பா. நான் பார்த்துக்கிட்டிருப்பேன்.

நீங்க விபத்துன்னு எழுதி முடிச்சுட்டீங்க. நானும் பேசாமதான் இருந்தேன். நேத்து வீடு நிறைய ஆளுங்க. நடுவுல உட்கார்ந்து அத்தான் தலையில அடிச்சுக்கிட்டு அழறாரு. "நானே கொன்னுட்டேன். என் கையாலயே கொன்னுட்டேன்"னு. வந்தவங்க எல்லாரும் அவரைக் கட்டிப் பிடிச்சுத் தேத்தறாங்க. மூலையில இருந்த என்னை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கல. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

அதான் வந்தேன். பொறுமையா எழுதிக்கங்க. சிவப்பை மறைச்சது நான், வெளி வரிசைன்னு சொன்னது நான். அக்காவைக் கொன்னது முழுக்க என் வேலை சார். அதுல அவர் ஒரு நட்டைக்கூடத் தொடல.