பஞ்சுவின் சினை

– அந்தக் கத்திய மொதல்ல கீழ வைங்க. பஞ்சு சினையா இருக்கறாளுங்க.

– வெளையாடாத ஜெயா. ஓடிக்கிட்டிருந்த தறிய நிறுத்திப்போட்டு வந்திருக்கறேன். சித்தெ நேரத்துல யாழினியும் மதியழகன் மாப்பிள்ளையும் வந்திருவாங்க. தங்கச்சி போன்லயே சொல்லிட்டா, அண்ணா ஊட்டுல முயல் வறுவல் இருக்கோணும்னு. புள்ளைக்குக் காது குத்தறதுக்குத் தாய்மாமனை அழைக்க வர்றவங்களுக்கு ரசஞ்சோறா போட முடியும்?

– ராமாயி அக்கா ஊட்டுல நாட்டுக்கோழி இருக்குதுங்க. ஒரு எட்டுப் போயி வாங்கியாந்திர்றேன். இவளை வுட்டுருங்க.

– கோழி எல்லா ஊட்லயுந்தான் ஆக்கறாங்க. நம்மூட்டுக்கு வர்றவங்க முயலுக்குத்தான் வர்றாங்க. தள்ளு, கூண்டத் தொறக்கோணும்.

– தள்ள மாட்டேனுங்க. நீங்களே குனிஞ்சு பாருங்க. நெஞ்சு முடியெல்லாம் புடுங்கி, பொட்டிக்குள்ள மெத்தை போட்டு வெச்சிருக்கறா. காலையில தண்ணி வெக்க வந்தப்பப் பாத்தேன், தறிக்கொட்டாயி மூலையில கழிவுப் பஞ்சு சேந்து கெடக்குமே, அப்புடிக் கெடக்குது.

– அது பொய்ச்சினை. இதுகளுக்கு அப்புடி வரும். வயித்துல ஒண்ணும் இருக்காது, ஆனா இருக்கறாப்பலயே முடியப் புடுங்கும், வைக்கோலக் கவ்விக்கிட்டு அலையும். கொஞ்ச நாள்ல தானா அடங்கிரும்.

– பொய்ச்சினைன்னா கைக்குத் தட்டுமாங்க? நான் அடிவயித்தத் தடவிப் பாத்தேன். உருண்டை உருண்டையாத் தட்டுது.

– புழுக்கையா இருக்கும்.

– புழுக்கை எது, குட்டி எதுன்னு தெரியாமயா இத்தன வருசமா இதுகளோட கெடக்கறேன்? நேத்து தறிக்குத் தார்ல நூல் சுத்தறப்ப வழக்கம்போல என்ற காலடியில வந்து படுத்தா. வயித்துல கை வெச்சேன், உள்ள இருந்து ஒண்ணு ஒதைச்சுதுங்க.

– இருக்காது.

– ஏனுங்க இருக்காது?

– இருக்காதுன்னா இருக்காது. அது மலடு. எத்தன தடவ நம்ம கெடா கருப்பன் கூண்டுல வுட்டு எடுத்தாச்சு? ஒருக்காலும் புடிக்கல. குட்டி போடறது கூண்டுல இருக்கும், போடாதது சட்டிக்குப் போவும். மொத சோடி வாங்குன அன்னைக்கே பேசிக்கிட்டதுதானே? நீயுந்தான் தலையாட்டுன.

– ஆட்டுனேன். செவலைக்கும் ஆட்டுனேன். நாலு ஈத்து போட்டவளை, இனி வயிறு நின்னு போச்சுன்னு சொன்னீங்க. மல்லியும் பூந்தியும் எளங்குட்டிக. அவளுகளுக்குப் பொறப்புலயே கொறைன்னீங்க. மூணு பேரையும் நாந்தானுங்க கூண்டுல இருந்து தூக்கியாந்து உங்க கையில குடுத்தேன். மல்லி என்ற சீலைத் தலைப்பக் கவ்விக்கிட்டு வுடல. 'மலட்டை வெச்சுத் தீனி போட முடியாது'ன்னு சொல்லிப் பிச்சு எடுத்தீங்க.

– நான் முயலைத்தானே சொன்னேன். உன்னையவா சொன்னேன்?

– இந்த ஊட்டுல அந்தச் சொல்லு எங்க உழுந்தாலும் என்ற மேலதானுங்க வந்து உழுவுது.

– குமாரு, என்ன சாமி அங்க சத்தம்? மொளகு சீரகம் வறுத்து வெச்சாச்சு. கறிய எப்பக் குடுப்ப?

– இரும்மா, வாரேன். உம்மருமவ கூண்டுக்கு முன்னால நின்னுக்கிட்டு வழிய வுட மாட்டேங்கறா. பஞ்சு சினைங்கறா.

– சினைன்னா வேண்டாம் சாமி, பாவம் புடிச்சுக்கும். அவளை அழ வெக்காத. அவ அழுதா இந்த ஊடு தாங்காது. அம்மிணி, நீ சித்தெ உக்காரு கண்ணு. பஞ்சுவுக்கு அகத்திக்கீரை பறிச்சு வெச்சிருக்கறேன், கொண்டாந்து தாரேன்.

– கேட்டீங்களா? அத்தைக்கு இருக்கற ஈரம் உங்களுக்கு இல்லீங்க. நான் கல்யாணமாயி வந்து ரெண்டாவது வருசம், மடி சும்மா இருக்குதேன்னு நான் அழுதப்ப, ஓமலூருக்குப் போயி மொத சோடிய வாங்கியாந்து என்ற மடியில வெச்சவங்க அவங்க. 'இதுக மேல கைய வெச்சுக்கிட்டு இரு அம்மிணி, மனசு சூடாவும், வயிறும் தானாத் தொறக்கும்'னாங்க.

– சரி, இப்ப என்னதான் பண்ணச் சொல்ற? ஊட்டுல இருக்கறதே கருப்பனும் பஞ்சுவுந்தான்.

– அப்பக் கருப்பனப் புடிங்க.

– கருப்பனையா?

– ஏனுங்க, மொகம் அப்புடிப் போவுது? அவனும் முயல்தானே?

– அவன் என்ற கையில வளந்தவன். நாள் முச்சூடும் தறிச் சத்தத்துல ஆருகிட்டப் பேசறது? பொழுது சாஞ்சு தறிய நிறுத்துனா, நேரா அவங்கிட்டத்தான் வாரேன். தோள்ல ஏறிக் காதை மோந்துக்கிட்டு உக்காந்துக்குவான். அவன் கழுத்துல கத்திய வெக்க என்னால ஆவாது. நீ பேச்ச மாத்தாத.

– நான் மாத்தலீங்க. பஞ்சு சினை. நீங்க போட்ட சட்டப்படியே அவ சட்டிக்குப் போவக் கூடாது.

– சினையாவ வழியே இல்லங்கறேன்.

– அதான் ஏன்னு கேக்கறேன். கருப்பன் அவ மேல ஏறுனதை நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன். ஒரு கத்துக் கத்திப்போட்டுப் பக்கவாட்டுல சாஞ்சு உழுந்தான். அப்புடி உழுந்தாச் சேந்துட்டான்னு அர்த்தம்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். பொறவு புடிக்க வழியே இல்லன்னு எப்புடிச் சொல்றீங்க?

– ஏறுனா மட்டும் ஆச்சா? அவன் வெதைதான் வத்திப் போச்சே.

– என்ன சொன்னீங்க?

– ஒண்ணுமில்ல.

– இன்னொருக்காச் சொல்லுங்க.

– வாய் தவறி வந்துருச்சு, வுடு.

– வாய் தவறுனா வேற வார்த்தை வரும். இது உள்ள இருந்து வந்த வார்த்தை. ஆரு சொன்னாங்க உங்ககிட்ட?

– மாட்டாஸ்பத்திரி டாக்டரு. போன வருசம் வெயில்ல, தகரக் கொட்டாயிச் சூட்டுல கருப்பன் மயங்கிக் கெடந்தானில்ல, அப்பக் கொண்டு போயிக் காட்டுனேன். உசுரு பொழைச்சிருச்சு, ஆனா வெதை வத்திப் போச்சு, இனி இவங்கிட்டக் குட்டி எதிர்பாக்காதீங்கன்னாரு.

– செவலைய அறுத்தது அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?

– அதெல்லாம் இப்ப எதுக்கு?

– பின்னாலதானுங்க. செவலை, மல்லி, பூந்தி, மூணும் பின்னாலதான். கொறை அவங்கிட்டன்னு தெரிஞ்சுக்கிட்டே அவளுகள ஒவ்வொருத்தியாக் கொண்டு போயி அவங்கூண்டுல வுட்டிருக்கறீங்க. புடிக்கலன்னு அவளுக மேல சொல்லி அறுத்திருக்கறீங்க. நான் மஞ்சத்தூள் போட்டு அலசி, கொழம்பு வெச்சு, உங்களுக்குப் பரிமாறியும் போட்டேன்.

– வேற என்ன பண்றது? கெடா ஆவாதுன்னு வாயத் தொறந்திருந்தா, நாம போட்ட சட்டப்படி அவன் அன்னைக்கே சட்டிக்குப் போயிருப்பான். அவனைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியல. பொட்டை எத்தன வேணாலும் வாங்கிக்கலாம்.

– பொட்டை எத்தன வேணாலும் வாங்கிக்கலாம். நல்லாச் சொன்னீங்க.

– தப்புத்தான், ஒத்துக்கறேன். அதனாலதான் சொல்றேன், பஞ்சு வயித்துல ஒண்ணுமில்ல. வெறும் வயித்த வெச்சுக்கிட்டு முடியப் புடுங்கறா.

– அவ வயிறு வெறும் வயிறு இல்லீங்க. நான் அவளைப் புதுச்சத்திரத்துக்கு, லிடியா அக்கா ஊட்டுக்குக் கொண்டு போயிட்டு வந்தேன்.

– அந்த நர்ஸம்மா ஊட்டுக்கா? எதுக்கு?

– அவங்ககிட்ட ஒரு வெள்ளைக் கெடா இருக்குது. பொட்டை எடத்துக்குக் கெடாவக் கொண்டாந்தா அவ கடிச்சு வெச்சிருவா, அதனால நாமதானே பொட்டையத் தூக்கிக்கிட்டுப் போவோணும்? ஒயர்கூடையில பஞ்சுவ வெச்சு, மேல துண்டப் போத்தி, டவுன் பஸ்ஸுல போனேன். முட்டை வாங்கப் போறேன்னு உங்ககிட்டச் சொன்னேனே, அன்னைக்கு. லிடியா அக்காதான் கேட்டாங்க, 'ஒரே கெடாகிட்ட வுட்டுப்போட்டு எல்லாப் பொட்டையும் மலடுன்னு சொன்னா, சந்தேகம் கெடா மேல வர வேண்டாமா ஜெயா'ன்னு. எனக்கு அந்த நெனப்பே வந்ததில்லீங்க. கொறைன்னா அது பொட்டைகிட்டத்தான் இருக்கும்னு என்னையும் பழக்கி வெச்சிருக்கறீங்க.

– என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்புடிப் போலாம்?

– கேட்டிருந்தா வுட்டிருப்பீங்களா?

– நம்மூட்டுப் பொட்டைய அடுத்தவங்க ஊட்டுக் கெடாகிட்டக் கொண்டு போயி நிறுத்தியிருக்கற. அந்தம்மா நாலு பேருகிட்டச் சொன்னா மானம் போவாதா?

– முயலுக்கு என்னங்க மானம்?

– நான் முயலைச் சொல்லல.

– பின்ன ஆரைச் சொல்றீங்க?

– ஆரையும் சொல்லல. நீ பேசற பேச்சே நல்லால்ல. சரி, பஞ்சுவ அறுக்கல. ராமாயி அக்கா ஊட்டுக் கோழியே இருக்கட்டும். போயி வாங்கிட்டு வா, அவங்க வர்ற நேரமாச்சு.

– போறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். பஞ்சு சினைன்னு நான் சொன்னதும் 'இருக்காது'ன்னீங்களே. அதே மொகத்தோட, அதே கொரல்ல இன்னொருக்காவும் சொன்னீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?

– எப்ப?

– ஆடி நோம்பியப்ப. எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சு. தறிக்கொட்டாயிக்கு ஓடியாந்து, சத்தத்துல கேக்காதுன்னு உங்க காதுகிட்ட வந்து சொன்னேன். நீங்க தறிய நிறுத்தக்கூட இல்ல. அறுந்த நூலை முடிஞ்சுக்கிட்டே 'இருக்காது'ன்னீங்க. கொழந்தைக்கு ஏங்கற மனுசன், பொண்டாட்டி அப்புடி வந்து சொன்னா, 'இருக்குமா'ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரா? நான் ஏமாந்து போயிருவேன்னு பயந்து சொல்றீங்கன்னு நெனச்சேன். அப்பறம் தலைக்குத் தண்ணி ஊத்துனப்பவும், உங்களுக்கு எப்புடி முன்னாடியே தெரிஞ்சுதுன்னு எனக்குத் தோணல. இப்பத்தான் தோணுது.

– ஜெயா, கம்முனு இரு.

– சேலம் ஆஸ்பத்திரியில ரெண்டு பேரையும் பரிசோதிச்சாங்க. முடிவு கேக்க என்னைய வர வேண்டாம்னு சொல்லிப்போட்டு நீங்க மட்டும் போனீங்க. 'ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்லியாம், நேரம் கூடி வரோணுமாம்'னு வந்து சொன்னீங்க. அதை நம்பித்தானுங்க கோயில் தரையில சோத்தைப் போட்டுத் தின்னேன். மலைவேம்புச் சாறு குடிச்சுக் கொடலு வெந்து கெடந்தேன். உங்க தங்கச்சிக்கு வளையல் போடறப்ப, நீ பின்னால நில்லுன்னாங்க. நின்னேன். டாக்டரு என்ன சொன்னாருங்க? நெசமாச் சொல்லுங்க.

– நான் உன்னையத் தள்ளியா வெச்சேன்? இன்னொரு கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி எத்தன பேரு சொன்னாங்க. நான் சம்மதிச்சனா?

– டாக்டரு என்ன சொன்னாரு?

– எங்கிட்டத்தான் கொறைன்னாரு. மருந்துக்கும் கேக்காதுன்னாரு. போதுமா?

– இன்னொரு கல்யாணம் வேண்டாம்னு நீங்க சொன்னப்ப, நான் சாமி படத்துக்கு முன்னால நின்னு உங்களுக்காகக் கும்புட்டேன். மலடிய வெச்சுக் காப்பாத்தற மனுசன்னு ஊரே உங்களைப் புகழ்ந்துச்சு. பழி என்ற மேல, புண்ணியம் உங்க மேல.

– வெளிய தெரிஞ்சா நான் இந்த ஊருல எப்புடி நடமாடறது?

– நான் எப்புடி நடமாடுனனோ, அப்புடித்தான்.

– உங்கால்ல வேணும்னாலும் உழுவறேன். மாப்பிள்ளை முன்னால மட்டும் ஒண்ணும் பேசிராத.

– ஊருக்குச் சொல்ல வேண்டாமுங்க. எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். கொறைன்னு தெரிஞ்சா உங்களை வுட்டுப்போட்டுப் போயிருப்பனா? கருப்பனை நீங்க தோள்ல தூக்கி வெச்சுக்கற மாதிரி, நானும் உங்களைத் தாங்கியிருப்பேன். அந்தக் கூண்டுல பொட்டைகள வுட்ட மாதிரி என்னையும் வுட்டு வெச்சிருந்தீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

– அம்மா கீரையோட வருது. கண்ணத் தொடச்சுக்க.

– வரட்டும். அத்தைகிட்ட மட்டும் நான் மறைக்க மாட்டேன். பாவம், அவங்களையும்தானே ஏமாத்திப்போட்டீங்க. எனக்காக எத்தன மலைப்படி ஏறி முட்டி தேஞ்சு போச்சு அவங்களுக்கு. மலைவேம்பு அரைச்சு அரைச்சு அந்தக் கையே பச்சையாப் போச்சு. இந்த ஊட்டுல எனக்குன்னு நின்னது அவங்க ஒருத்தர்தான். அத்தை, இங்க வாங்க. கீரைய அப்பறம் போடலாம். கொழந்தை இல்லாததுக்குக் காரணம் நானில்லீங்க அத்தை. கொறை உங்க மகன்கிட்டத்தானுங்க. சேலம் டாக்டரு எப்பவோ சொல்லிப்போட்டாராம்.

– மெதுவாப் பேசு கண்ணு. குமாரு, அந்தக் கதவச் சாத்து சாமி. இத்தன வருசமா நீயும் நானும் மூச்சு வுடாமப் பொத்தி வெச்சது, மாப்பிள்ளை வாசல்ல வந்து எறங்கற நேரத்துலயா வெளிய வரோணும்?