கடைசியாப் பூக்கற ரகம்

அட, குரோக்கஸ் பூக்கிழங்கு வேணாம்மா. அந்த மஞ்சள் டாஃபடிலும் வேணாம். டுலிப் குடு. டுலிப்லயும் ஊர்ல எல்லாம் பூத்து ஓஞ்சப்புறம், மே மாசத்துல சாவகாசமா எந்திரிச்சு வருமே, அந்தச் சோம்பேறி ரகம். அது மட்டும் போதும்.

தெரியும்மா, எனக்கேவா சொல்ற? அடியில டுலிப் கிழங்கு, மேல கொஞ்சம் மண்ணு, அதுமேல டாஃபடில், மறுபடி மண்ணு, குரோக்கஸ். எல்லாத்துக்கும் மேல, குளிர்காலத்துல தொட்டி மொட்டையா நிக்காம இருக்க ஹீதர் புதரும் பான்சிப் பூச்செடியும். பிப்ரவரியில குரோக்கஸ் ஆரம்பிச்சு வைக்கும், அப்புறம் ஒண்ணு படுக்கும், இன்னொண்ணு எந்திரிக்கும். இந்த ஹோர்ன் ஊர்ல பொறந்தவனுக்கு இதக்கூடவா சொல்லித் தரணும்? நான் ஜன்னல் தொட்டி வைக்க ஆரம்பிச்சப்ப நீ பொறந்திருக்கவே மாட்ட.

எலி கிழங்கத் தோண்டாம இருக்கக் கம்பி வலையா? அய்யோ, அத மட்டும் எடுக்காத. வீட்ல மூணு சுருள் கெடக்கு. எல்லாம் தெருக்காரங்க தானமாக் குடுத்தது.

என்ன சிரிக்கற? ஓ... ஆமா, அந்த எலி வீட்டுக்காரன் நான்தான். ஹார்மன். சந்த வரைக்கும் வந்துடுச்சா அந்தக் கத? நல்லாயிருக்கு.

கேளு. எங்க தெரு எப்படின்னா, ஒருத்தரும் ஜன்னலுக்குத் திரை போடமாட்டாங்க. யாரு வேணா எட்டிப் பாக்கலாம், ஆனா பாக்காத மாதிரி போகணும். எதுத்த வீட்டு கொர்னேலியாவுக்கு மட்டும் அந்தப் பின்பாதி சட்டம் கெடையாது. போன ஏப்ரல்ல தெருவே பூத்துக் குலுங்குது. என் தொட்டியில காஞ்ச ஹீதர், துடைப்பக்கட்டையாட்டம் நிக்குது. அவ நடு ரோட்ல நின்னுக்கிட்டு, ஏன் ஹார்மன், அது தொட்டியா, கல்லறையான்னு சத்தமாக் கேக்கறா. வாயில வந்தத சொல்லிட்டேன். கிழங்கையெல்லாம் எலி தின்னுடுச்சுன்னு.

அதோட நிறுத்தியிருக்கலாம். பெரிய எலியான்னு கேட்டா. ஆமா, பெருசுதான்னு கைய வேற விரிச்சுக் காட்டினேன். என் வாய் இருக்கே! அன்னிக்கு சாயங்காலமே தெரு பூரா எலிப்பொறி. பேக்கரிக்காரன் கதவடியில பலகை அடிச்சான். கொர்னேலியா தன் பூனையக் கொண்டாந்து என் வீட்ல விட்டா. ஒரு வாரத்துக்குத்தான்னா. அது இன்னும் போகல. ஹெரிங் மீன் தவிர எதையும் மோந்துகூடப் பாக்காது. காபிக்கு வந்தவங்களுக்கு ஒரே ஒரு பிஸ்கட் குடுத்துட்டு டப்பாவ மூடறவன் நான். என் வீட்ல ஒரு பூனை மகாராஜாவாட்டம் சாப்பிடுது.

எலியாவது ஒண்ணாவது. நான் கிழங்கே நடலம்மா! மேலாப்புல ஹீதரும் பான்சியும் மட்டும் வச்சேன். அடியில வெறும் மண்ணு. வெளியில பாக்கறதுக்கு அம்சமா இருந்துச்சு. மார்ச் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல.

மறந்துட்டனா? அந்த அளவுக்கு இன்னும் மூளை கெட்டுப் போகலம்மா. போன வருஷம் இதே அக்டோபர்ல, கிழங்கு நடற சமயத்துல, இதே கடைக்குத்தான் வந்தேன். நீ இல்ல, உங்கப்பா நின்னாரு. இதே ரகத்த ஒரு கை நெறய அள்ளி வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் திரும்பக் கூடையிலயே போட்டுட்டேன்.

என்னன்னா... அன்னிக்குக் காலையிலதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வயித்துல கட்டி. டாக்டரம்மா ரொம்பத் தன்மையானவங்க. வசந்தத்தப் பத்தி எதுவும் உறுதியா சொல்ல முடியாது ஹார்மன்னாங்க. நேரா இங்க வந்தேன். நான் பாக்கப் போறதில்லங்கற பூவுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்னு தோணிச்சு. சாகப் போறோம்னு கிழங்குல மிச்சம் புடிச்சவன் இந்த நாட்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். இல்லம்மா... கஞ்சத்தனம்னு சும்மா சொல்லிக்கறேன். பயம். அத மண்ணுல பொதச்சுட்டு, வருமா வராதான்னு தெனம் ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்க எனக்குத் தைரியம் இல்ல.

ஆனா பாரு, ஏப்ரல் வந்துடுச்சு. நானும் இருந்தேன். கல்லு மாதிரி நிக்கறேன், காட்டறதுக்கு ஒரு பூ இல்ல. அவ்ளோ வெக்கமாப் போச்சு.

அழாதம்மா, கிழங்க எண்ணிப் போடு. மாசாமாசம் வரச் சொல்லிட்டிருந்த டாக்டரம்மா, கட்டி கரைஞ்சிடுச்சு, இனி வேணாம்னு நேத்து மருந்த நிறுத்திட்டாங்க. அடுத்து எப்ப வரணும்னு கேட்டேன். காலண்டரப் பொரட்டிக்கிட்டே போனாங்க, பொரட்டிக்கிட்டே போனாங்க... மே மாசத்துல வாங்கன்னுட்டாங்க. அதான் மே மாசத்து ரகமாக் கேக்கறேன். ஒரு கொத்து வெட்டி எடுத்துட்டுப் போயி அவங்க மேசையில வைக்கணும்.

ஏம்மா, அந்தக் குரோக்கஸும் ரெண்டு கைப்பிடி போட்டுரு. பிப்ரவரியிலயும் நான் வீட்லதான இருப்பேன்.