வாசலில் கிடந்த புட்டிச் சில்லு

என் பெயர் தையலம்மாள். காலஞ்சென்ற மணவாளன் பெண்சாதி. வயது ஐம்பது இருக்கும். சீவனம் பயிர்த்தொழில். குடியிருப்பு வில்லியனூர் மேலத்தெரு. எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுத்துக்காரர் தமிழில் எழுதி, போலீசுக் கொமிசேர் துரைக்குப் பிராஞ்சு பாஷையில் எடுத்துச் சொல்கிறார்.

எதிர்வீட்டுச் சிங்காரவேலு, தன் பெண்சாதி அம்சவள்ளி சாகட்டும் என்று நான் அவர் வாசலில் புட்டிச் சில்லைப் போட்டதாகப் பிராது கொடுத்திருக்கிறார். நான் போடவில்லை. நடந்தது பின்வருமாறு.

தெருவில் கிடக்கும் குப்பையைப் பொறுக்குவது என் வழக்கம். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, கூலியும் கிடையாது. எங்கள் தெருவில் அவரவர் வாசலைப் பெருக்கி அடுத்தவன் வாசலில் தள்ளுவார்கள். அதைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். கடைக்குப் போனாலும் கழனிக்குப் போனாலும் எச்சில் இலை, முள், கந்தல் எது கிடந்தாலும் கூடையில் போட்டு வந்து எங்கள் எருக்குழியில் கொட்டுவேன். பைத்தியம் என்பார்கள். நான் காதில் வாங்கியதில்லை.

சென்ற ஆனி மாதத்தில் சிங்காரவேலுவின் மகள் அமுதம் ஜுரமாய்க் கிடந்தாள். குழந்தைக்குச் சுற்றி முச்சந்தியில் கழிப்பு வைத்தார்கள். கழிப்பை எவரும் தொடக்கூடாது, தொட்டால் கழித்த நோய் அந்த வீட்டுக்கே திரும்பும் என்பது எனக்கும் தெரியும். கண்டால் ஒதுங்கித்தான் போவேன். அன்று இரவு பெய்த மழையில் குங்குமம் கரைந்து, சோற்றுருண்டையை நாய் தின்று, விடிந்தபோது ஒரு கந்தல் துணி மட்டும் சேற்றில் கிடந்தது. நான் வெறும் கந்தல் என்று எடுத்துக் கூடையில் போட்டேன். அது கழிப்பில் வைத்த அமுதத்தின் பாவாடைக் கிழிசல். அதன் பிறகு அம்சவள்ளி தலைவிரிகோலமாய் ஓடிவந்து, "யக்கா, முச்சந்தியில இன்னா எடுத்த? சொல்லுக்கா, உன் கால்ல வுழறேன்" என்று கேட்டாள். நான் மறைக்கவில்லை. எருக்குழியைக் கிளறித் துணியைத் தேடிக் கொடுத்தேன். அதைத் திரும்ப முச்சந்தியில் வைத்தார்கள். அன்று பொழுது சாயக் குழந்தை போய்விட்டது.

அதன் பிறகு தெருக்காரர்கள் என்னைத் திரௌபதை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய், இனிமேல் தெருவில் கிடக்கும் எதையும் கையால் தொடமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்தேன். அன்று முதல் தெருவில் தலை நிமிர்ந்தே நடந்தேன். கீழே பார்த்தால் கை அரிக்கும்.

இந்த ஆவணியில் எலெக்சனுக்கு வந்தவர்கள் குடித்துவிட்டுப் பிராந்திப் புட்டிகளைத் தெருவில் எறிந்து உடைத்தார்கள். மறுநாள் காலை நான் கழனிக்குப் புறப்பட்டபோது சிங்காரவேலு வாசற்படிக்கு நேர் கீழே ஒரு பெரிய சில்லு, கூர் மேலே பார்க்க, மண்ணில் பதிந்து நின்றது. வழக்கம் விடுமா, குனிந்துவிட்டேன். விரல் படுமுன் சத்தியம் நினைவு வந்து நிமிர்ந்தேன். நான் குனிந்ததைப் பார்த்ததாக எங்கள் தெருச் சாமிநாதன் சாட்சி சொன்னது உண்மை. ஆனால் நான் அவரிடம், "யண்ணே, அந்தச் சில்ல எடுத்து அப்பால போடேன்" என்று சொன்னதையும், அவர், "ஒனக்கு இன்னா வந்துச்சு? சத்தியம் பண்ணியும் புத்தி வர்ல பாரு" என்று சிரித்துப் போனதையும் அவர் சொல்லவில்லை. அதன் பிறகு அம்சவள்ளியிடமே சொல்லலாம் என்று கூப்பிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற வயிறு, நான் கோபப்படவில்லை. கழனிக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பியபோது படியில் ரத்தம் இருந்தது. அம்சவள்ளி காலில் சில்லு ஏறிவிட்டதாகவும், மஞ்சள் வைத்துக் கட்டியிருப்பதாகவும் சொன்னார்கள். சில நாளில் அவளுக்கு வாய் பூட்டிக்கொண்டு உடம்பு வில்லாய் வளைந்தது. வண்டி கட்டிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிணமாகத்தான் வந்தாள். நான் போனேன். என்னைக் கிட்டே விடவில்லை. தெருமுனையில் நின்று அழுதேன். அவள் எனக்குத் தங்கை மாதிரி இருந்தவள். குழந்தை அமுதத்துக்கு முதன்முதலாய்த் தலை வாரிவிட்டது நான்தான்.

சிங்காரவேலு மேல் எனக்கு விரோதம் உண்டா என்று துரை கேட்டார். இல்லை. எனக்காகப் பேச யாராவது உண்டா என்று கேட்டார். இல்லை.

அதன் பிறகு துரை எழுத்துக்காரர் மூலமாய், "கையாலதான தொடமாட்டேன்னு சத்தியம் பண்ண? கால்ல ஒதுக்கித் தள்ளியிருக்கலாமே, ஏம்மா தள்ளல?" என்று கேட்டார்.

எனக்குத் தோன்றவில்லை. இப்போது துரை கேட்கும்வரை தோன்றவில்லை. ஐயோ, தள்ளியிருக்கலாம்.

மேலே எழுதியதை எழுத்துக்காரர் எனக்கு நிதானமாய்ப் படித்துக் காட்டினார். கடைசிப் பதில் எனக்குப் பாதகமாகும், வேண்டுமானால் அடித்துவிடலாம் என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னேன். எல்லாம் நான் சொன்னதே, மெய்யே. கையெழுத்துப் போடத் தெரியாததால் இடதுகைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(ரேகை) தையலம்மாள்