கொறுக்கைமேட்டுத் தேர் வெளியே நிற்கிற கதை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, எந்த வருசம்னு கேட்டா எனக்குத் தெரியாது, இந்தக் கொறுக்கைமேட்டுல உத்தண்டின்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க பாட்டனுக்குப் பாட்டன். அம்மன் தேருக்குக் கட்டை போடுறது அவரு வேலை. தேரு ஓடும்போது சக்கரத்துக்கு அடியில கட்டையக் குடுத்துத் திருப்பணும், நிறுத்தணும். கொஞ்சம் அசந்தா தேரு யாரு வீட்டுக்குள்ளயாச்சும் போயிரும். இன்னைக்கு அந்த வேலை என்கிட்ட இருக்கு. முட்டி ரெண்டும் போச்சு, இருந்தாலும் போடுறேன். வெளியூர்க்காரங்க நீங்க, அவ்வளவு பெரிய கொட்டகை இருக்கையில தேரு ஏன் வெளிய காயுதுன்னு கேட்டீங்க. சொல்றேன், உக்காருங்க.

அப்ப ஆத்துப் படுகையில குடிசை போட்டு நிறைய சனம் இருந்துச்சாம். நெலம் அவங்களுது இல்ல. தண்ணி வந்தா ஆறு கெளப்பும். தண்ணி வத்துனா நெலத்துக்காரரு கெளப்புவாரு. இந்தப் பக்கம் கெளப்புனா அந்தப் பக்கம், அந்தப் பக்கம் கெளப்புனா இந்தப் பக்கம். கடைசியில பெரியவங்க சட்டிபானையத் தூக்கிக்கிட்டு அறுப்பு நடக்குற ஊராப் பாத்துப் போயிருவாங்களாம். புள்ளைங்களுக்கு இங்க பள்ளிக்கூடத்துல பேரு இருக்கே. "இங்கயே எங்கயாச்சும் கெடங்க, படிப்ப விட்டுறாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. எங்கயாச்சும்னா எங்க? அத யாரும் சொல்லல.

ஒரு நாளு வாத்தியாரு பாத்தா, அதுங்க சட்டை பூரா வண்டி மை. "என்னடா, படிக்க வந்தீங்களா, வண்டி ஓட்ட வந்தீங்களா?"ன்னாராம். விசயம் நாட்டாமை வைத்திலிங்கம் காதுக்குப் போச்சு. அவரு உத்தண்டியப் புடிச்சுக்கிட்டாரு. "தேரு அச்சுல தடவுற மையத் திருடுறானுங்க. நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?"

உத்தண்டி கொட்டகைக்குப் போயி குனிஞ்சு பாத்தாராம். தேருக்கு அடியில, சக்கரங்களுக்கு நடுவுல, சாக்கு விரிச்சுப் புள்ளைங்க. தலமாட்டுல சிலேட்டு. பொரண்டு படுக்கையில அச்சுல ஒரசி மை ஒட்டியிருக்கு. யாரும் திருடல. செவந்தின்னு அஞ்சாங்கிளாசு பொண்ணு, இருக்கறதுலயே அதுதான் பெருசு. அது சொல்லுச்சாம்:

"மழை பெஞ்சா இங்கதாங்கய்யா ஒழுகாது. பரிச்ச முடிஞ்சதும் போயிர்றோம்."

"எங்க போவீங்க?"

"தெரியலங்கய்யா."

உத்தண்டி நாட்டாமைகிட்டப் போயி, பரிச்சை வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்னு கேட்டாரு. நாட்டாமை காதுலயே வாங்கல. "சாமி தேருக்கு அடியில கண்ட சாதிப் புள்ளையும் படுத்து உருண்டா ஊரு வெளங்குமா? திருவிழா வருது. தேரு ஓடித் திரும்பி உள்ள வந்ததும் கொட்டகைக்குப் பூட்டு." பரிச்சை திருவிழாவுக்கு அப்புறம். பூட்டுனா அதுங்க படிப்பு அன்னைக்கே முடிஞ்சுது. உத்தண்டிக்கு அது தெரியும். நாட்டாமைக்கும் தெரியும்.

திருவிழா வந்துச்சு. வடம் புடிச்சாங்க, தேரு நாலு வீதியும் சுத்துச்சு. உத்தண்டி கட்டை போட்டாரு, எடுத்தாரு, போட்டாரு, எடுத்தாரு. கொட்டகை வாசலுக்கு வந்ததும் ஒரு கட்டையப் போட்டாரு பாருங்க, எடுக்கவே இல்ல. சக்கரத்துல சாஞ்சு உக்காந்துட்டாராம்.

"எடுடா கட்டைய"ன்னாரு நாட்டாமை.

"முடியாதுங்க. உள்ள ஆள் இருக்கு."

"ஆளா? நாலு புள்ளைங்க."

"புள்ளைங்களும் ஆளுதாங்க. தேருக்கு அடியில படுக்கறது ஆகாதுன்னீங்க. சரி, தேரு வெளிய நிக்கட்டும். அம்மனுக்குக் கோயிலு இருக்கு, அதுங்களுக்கு என்ன இருக்கு?"

"தேரு உள்ள வரலன்னா ஊருக்கு ஆகாதுடா."

"ஊருக்காகத்தான் காலம் பூரா கட்டை போட்டேன். அலுத்துப் போச்சுங்க. இந்த ஒரு கட்டை அதுங்களுக்கு."

அடிச்சாங்களாம். கதை சொல்றவங்க அத விட்டுட்டுச் சொல்றது உண்டு. நான் விடமாட்டேன். அடிச்சாங்க, அவரு எந்திரிக்கல. வேற யாருக்கும் கட்டை போடத் தெரியாது, அதனால அவர விட்டுட்டுத் தேர இழுக்கவும் பயம். பொழுது எறங்கிப் போச்சு. வடம் புடிச்ச கையெல்லாம் ஓஞ்சு போச்சு. நாட்டாமைக்கும் தொண்டை கட்டிப் போச்சு. "எப்பத்தான்டா எடுப்ப?"ன்னாரு.

"உள்ள ஆள் இருக்கான்னு கேளுங்க. பதிலு வராத அன்னைக்கு நானே எடுக்குறேன்."

பரிச்சை முடிஞ்சா எல்லாம் ஓடிப்போயிரும், அடுத்த திருவிழாவுல உள்ள தள்ளிக்கலாம்னு நாட்டாமை கணக்கு. அம்மன் முன்னால சரின்னு சொல்லிட்டாரு.

புள்ளைங்க பரிச்சை எழுதுச்சுங்க. செவந்தி பெரிய வாத்தியாரம்மா ஆயிருச்சுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். பாஸ் பண்ணுச்சு, அவ்வளவுதான் தெரியும். அப்புறம் எந்த ஊருல அறுத்துச்சோ, எங்க குடிசை போட்டுச்சோ, யாரு கண்டா.

மறு வருசம் தேரு சுத்தி வந்து நின்னப்ப நாட்டாமையே முன்னால போயி, "உள்ள ஆள் இருக்கா?"ன்னு கேட்டாராம். "இருக்கோம்"னு வேற புள்ளைங்க. அதுக்கு அடுத்த வருசம் வேற. நாட்டாமை போயி, உத்தண்டியும் போயி, அந்தப் படுகையையே ஆறு கொண்டுபோயிருச்சு. அம்மன் முன்னால குடுத்த வாக்கு மட்டும் நின்னுச்சு. அதனாலதான் இன்னைக்கும் தேரு கொட்டகை வாசல்ல நிக்கும், கட்டை போடுறவன் உள்ள பாத்துக் கேப்பான், பதிலு வந்தா தேருக்கு வெளியதான் எடம்.

இப்ப ஆறு கெளப்புறதில்ல. செங்கச் சூளையில வேல முடிஞ்சா கெளப்புறாங்க, ஏரிக்கரையில ஜேசிபி வந்து கெளப்புது, வாடகை ஏத்திக் கெளப்புறாங்க. கொட்டகைக் கொடியில யூனிபார்ம் காயுதே, பாத்தீங்கல்ல.

இன்னைக்கும் கேட்டேன். வடம் புடிச்ச சனம் பூரா கொட்டகைப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னுச்சு. இந்த வருசமாச்சும் பதிலு வரக் கூடாது தாயேன்னுதான் ஒவ்வொருத்தருக்கும் நெனப்பு. கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. கட்டைய ஓரமா நவுத்திக்கூட வச்சுட்டேன்.

"இருக்கோம்"னுச்சு ஒரு குரலு. சின்னப் புள்ள, போன வருசம் கேக்காத குரலு. கட்டைய எடுத்துச் சக்கரத்துக்கு அடியில போட்டேன்.