விரல் சேராத கை

எங்கள் மலையில் முட்டை வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். கீழே சேலத்தில் எட்டு நிமிடமென்றால் எங்கள் ஊர் வெள்ளக்கடையில் பத்தாவது ஆகும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் முட்டை வேகவைத்தது நான்தான். என் மனைவி கண்ணம்மாள் கையில் விட்டால் பெண்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று போய்விடும்.

எண்பத்து மூன்றில் சேலத்தில் போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். என் மகன் சித்தனுக்கு உயரம் இருந்தது, ஓட்டமும் இருந்தது. மார்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. நான் பத்து வயதிலிருந்து காபி எஸ்டேட்டில் மூட்டை சுமந்தவன். அவனாவது சுமக்காமல் இருப்பதற்கு அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் தடை.

சேலத்தில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்த சுப்பிரமணி மாஸ்டரிடம் அவனைக் கூட்டிப் போனேன். ஒரு கை விரல்களால் மறு கை மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் மெல்லிய எலும்பு. அவன் நிறையத் தின்ன வேண்டும், கொஞ்ச நேரம் கனமாகத் தூக்க வேண்டும், மற்ற நேரம் உடம்பை அலட்டக் கூடாது. விரல் சேரவே இல்லையென்றால் தடித்த எலும்பு. அவனுக்கு வாயைக் கட்டி வேலையைக் கூட்ட வேண்டும். சித்தனுக்கு விரல் நன்றாக ஏறியது.

வீட்டுக்கு வந்து மகள் பாவாயியையும் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பதினேழு வயது. அரை விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. எனக்கு மனசு லேசானது. ஒருவனுக்குத் தீனியும் ஓய்வும் வேண்டும். இன்னொருத்திக்கு இரண்டுமே ஆகாது. இதைவிட வசதியாக ஒரு குடும்பத்துக்கு அமையாது.

மறுநாளிலிருந்து சித்தன் எஸ்டேட்டுக்குப் போகவில்லை. பள்ளத்திலிருந்து காபிப் பழ மூட்டையைக் கொட்டகைக்கு ஏற்றும் அவன் வேலையையும் பாவாயி செய்தாள். அவனுக்கு ஒரு நாளைக்கு ஆறு முட்டை, பால், ஊறவைத்த கடலை. அவளுக்கு இரண்டு வேளை ராகிக் கூழ். அவள் இளைக்க இளைக்க, மாஸ்டர் சொன்னது பலிக்கிறது என்றே நினைத்தேன்.

தை மாதம் அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்கப்பா, எனக்கும் ஒண்ணு குடுங்க. நொம்பக் கிறுகிறுங்குது."

"திங்கற ஒடம்பு இல்ல கண்ணு உன்னுது. வேலை செய்யற ஒடம்பு."

நான் வெளியே போய் வருவதற்குள் இரண்டு முட்டையை உரித்துத் தின்றுவிட்டிருந்தாள். மறைக்கவும் இல்லை. "அண்ணன் போலீசாயி மொதல்ல என்னத்தான் புடிக்கோணும்" என்று சிரித்தாள்.

நான் கையை ஓங்கவில்லை. தின்றது உடம்பில் தங்கக் கூடாதல்லவா, அன்றைக்கு இரண்டு மூட்டை கூடுதலாகச் சுமக்கச் சொன்னேன். கூடுதலில் முதல் மூட்டையை ஏற்றிவிட்டாள். அடுத்ததோடு பாதி மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு இருட்டுதுங்கப்பா" என்றாள். எழுப்பி நிறுத்தி, மூட்டையை அவள் முதுகில் நானே தூக்கி வைத்தேன். பத்தடி போனாள். விழுந்தவள் எழவில்லை.

குளிப்பாட்டும்போது கண்ணம்மாள் அவள் கையை என் முன்னால் நீட்டினாள். "பழம் பறிச்சுப் பறிச்சு வெரலு மடங்காமப் போயி ஒரு வருசமாச்சுங்க. எப்படிச் சேரும்?"

அந்த மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். விறகுச் சுள்ளி கனம்கூட இல்லை. செத்த உடம்பு சுருங்கும் என்பார்கள். அதனால்தான் அப்படி இருந்திருக்கும்.

அடுத்த செலக்‌ஷன் பங்குனியில். சித்தனுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் வேண்டும். சின்னவள் ராசாத்தி எட்டு வயதிலிருந்து பழம் பறிக்கிறாள், இப்போது பதின்மூன்று. நேற்று நீங்கள் போலீஸ் ஜீப்பில் என்னைப் பிடிக்க வருவதற்குச் சற்று முன்னால்தான் அவளையும் பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.

அவளுக்கும் விரல் சேரவில்லை.