பூப்பறிக்கிற நோம்பியும் டயாந்தஸ் சட்டியும்

— மடியில வெச்சாலும் லக்கேஜ் லக்கேஜ்தானுங்கம்மா. பூச்சட்டிக்கு ஒரு டிக்கெட் போட்டே ஆகோணுங்க.

— ஏனுங் கண்டக்டரே, கண்ணத் தொறந்து நல்லாப் பாருங்க. இது வெறும் சட்டியாங்க? கோயமுத்தூர்ப் பூக்காட்சியில இன்னைக்கு மொதப் பரிசு வாங்குன செடிங்க! பிரியா, அந்தக் கப்பை எடுத்துக் காட்டு.

— ஐயோ அத்தை, மெதுவாப் பேசுங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

— பாக்கட்டும். இவ என்ற மருமவளுங்க, மோகனப்பிரியா. ஆனைமலைப் புள்ள. நாங்க சூலூருங்க. மொட்டை மாடியில வெச்சு இவ வளத்துன பூவு. பங்களாக்காரங்க கார்ல கொண்டாந்து எறக்குன ரோசாவெல்லாம் ஓரமா நின்னுச்சு, இவ சட்டி நடுவால நின்னுச்சு. பேரைக் கூப்பிட்டாங்க பாருங்க, எனக்கு அப்படியே புல்லரிச்சுப்போச்சு.

— என்ன பூங்க இது? செண்டுமல்லியாட்டவும் இல்ல, ரோசாவாட்டவும் இல்ல.

— டயாந்தஸுங்ணா. குளுரு காலத்துலதான் நல்லாப் பூக்கும்.

— ஓரத்தைப் பாருங்க கண்டக்டரே. என்ற பையன் தறியில பிசிறு உட்ட துண்டாட்டமே இருக்குது.

— அழகாத்தானுங்க இருக்குது. செரி உடுங்க, கப்பு வாங்குன செடி. லக்கேஜ் வேண்டாமுங்க.

— அதெப்படீங்க? மொதப் பரிசு வாங்குனது ஓசியிலயா ஊருக்கு வாரது? கிழிங்க ஒரு டிக்கெட்ட. அதையும் கப்போடயே வெக்கறேன்.

— அத்தை, ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்க மாட்டீங்களே?

— இன்னைக்கு என்ன வேணா கேளு கண்ணு.

— தீவாளியப்ப நீங்க சொன்னது நாவகம் இருக்குதுங்களா? மொளகா காயப்போட எடமில்லாமச் சட்டியா அடுக்கிப்போட்டே, இந்தக் காயிதப்பூவு தலையில வெக்கறக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாதுன்னு பேசுனீங்க.

— பேசுனேன்.

— கப்பு வாங்கிட்டு வந்தயின்னா ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காலியில பழைய மாட்டுக்கொட்டாய் இருந்த எடத்தை உனக்குத் தாரேன், வாங்காட்டி அத்தனை சட்டியும் மாடிய உட்டு எறங்கோணும்னீங்க.

— அதையும் சொன்னேன்.

— இப்பத் தாரீங்களா?

— அந்த எடம் ஆகாது கண்ணு. வேற ஏதாச்சும் கேளு.

— அத்தை!

— பட்டுச்சீலை கேளு. இந்த வாரமே எடுத்துத் தாரேன்.

— எனக்குச் சீலை வேண்டாமுங்க. எத்தனை நாளைக்குச் சட்டியிலயே வளத்தறது? மண்ணுல எறக்கி நாத்து உட்டா நர்சரி போடலாம். எனக்குன்னு ஒரு தொழில் இருக்கும். அதுக்குத்தானே இத்தனை மாசமா வெயில்லயும் பனியிலயும் மாடிக்கும் தரைக்கும் ஏறி எறங்குனேன்? பாருங்ணா, பந்தயம் கட்டிப்போட்டு இப்ப மாட்டேங்கறாங்க.

— பேச்சு மாறக் கூடாதுங்கம்மா. கொங்கு நாட்டுப் பொம்பளை நீங்க, சொன்ன சொல்லு சொல்லுதானுங்க.

— நீங்க டிக்கெட்டக் கிழிங்க கண்டக்டரே. இவ அங்க என்ன பேசுனான்னு கேளுங்க மொதல்ல. பரிசு குடுக்கற ஐயா கேக்கறாரு, ஒரே செடியில இத்தனை கெளை, இத்தனை பூவு எப்படிம்மான்னு. இவ சொல்றா, நுனியக் கிள்ளி உட்டனுங்கன்னு. ஆரு கிள்ளுனது? ஒரு மொட்டு உழுந்தாலே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறவ இவ. கிள்ளுனது நானு!

— நீங்க கிள்ளுனீங்களா? மொட்டையடிச்சீங்க! பொங்கலுக்குப் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டு வந்து மாடி ஏறுனா, ஒரு சட்டியிலயும் ஒரு பூவு இல்லீங்ணா. தண்டோட ஒடிச்சுப்போட்டாங்க.

— அட, காட்சிக்கு வெச்சிருந்த செடியவா பறிச்சீங்க? ஏனுங்கம்மா இப்படிப் பண்ணுனீங்க?

— பூப்பறிக்கிற நோம்பிங்க! மாட்டுப்பொங்கலுக்கு அடுத்த நாளு ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் காட்டுக்குப் போயி ஆவாரம்பூப் பறிச்சு, கும்மியடிச்சு, பூவைக் கொளத்துல உட்டுப்போட்டு வருவோமுங்க. இந்த வருசம் போய்ப் பாத்தா, ஆவாரஞ்செடி இருந்த காட்டையெல்லாம் நெரவித் தறிக்கொட்டாய் கட்டிப்போட்டாங்க. கொஞ்ச நஞ்சம் இருந்ததைச் சின்னப் புள்ளைங்க பறிச்சுட்டாளுக. நான் வெறுங்கூடையோட நிக்கறேன். வெறுங்கூடையச் சுத்தி எப்படீங்க கும்மியடிக்கறது? நேரா ஊட்டுக்கு வந்தேன், மாடி ஏறுனேன்.

— வேணும்னேதான் பண்ணுனாங்கன்னு நெனச்சனுங்ணா. பந்தயத்துல நான் தோக்கோணும்னு பண்ணுனதுன்னு. ரெண்டு நாளு சோறே எறங்கல. உசுரே போனாப்பல இருந்துச்சு.

— அன்னைக்கு என்ற கூடைதான் ஊர்லயே பெரிய கூடை. பக்கத்தூட்டுச் சாமியாத்தாள் வந்து கேக்கறா, ஏ புள்ள மயிலா, இது என்ன பூவு, கண்ணு கூசுதேன்னு. என்ற மருமவ வளத்துன பூவுன்னு கொளத்தங்கரையில நின்னு அத்தனை பேருக்கும் சொன்னேன். கேட்டுப் பாரு வேணும்னா.

— இதை ஏனுங்க எங்கிட்ட அன்னைக்கே சொல்லல?

— நீ எங்க மூஞ்சி குடுத்துப் பேசுனே? மாசக்கணக்கா ஊமையாட்டத்தான திரிஞ்சே.

— பின்ன எப்படிப் பேசறது? நீங்க கண்டமேனிக்கு ஒடிச்சதைக் கத்திரியில சமமா வெட்டி, வெயில் நல்லா உழுகற பக்கம் நவுத்தி வெச்சு, பழைய சுண்ணாம்புக் காரைய இடிச்சு மண்ணுல கலந்து, மேல்மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்தி... அடியில இருந்து பொதுபொதுன்னு தழைஞ்சுச்சுங்க. செரி, இதையும் சொல்லிப்போடறேன். நீங்க பறிக்காட்டி நானா அந்தச் செடிய வெட்டியே இருக்க மாட்டேன். இத்தனை பூவும் வந்திருக்காது.

— கேட்டீங்களா கண்டக்டரே? அவ வாயாலயே வந்திருச்சு!

— கேட்டனுங்க. அப்படீன்னா கப்புல பாதி உங்களுதுதானுங்க. ஆனா எடம் முச்சூடும் அந்த அம்மணிக்குத்தான். அதுதானுங்க நாயம்.

— நல்லாச் சொன்னீங்ணா. அந்த எடத்துல அப்படி என்னதாங்க அத்தை இருக்குது? கோழி அடை வெச்சிருக்கறேன், ஆரும் அக்கட்டால போவாதீங்கன்னு பொங்கல்ல இருந்து படல் கட்டி அடச்சு வெச்சிருக்கீங்க. எந்தக் கோழிங்க இத்தனை நாளு அடை படுக்கும்?

— நல்ல கோழியா இருந்தாப் படுக்கும்.

— சிரிக்காதீங்க அத்தை. நான் நெசமா அழுதுபோடுவேன். காந்திபுரத்துல பூத்துல இருந்து அவருக்குப் போன் போட்டேனே, கப்பைச் சொல்லறதுக்கு முன்னால எடத்தைத்தானுங்க சொன்னேன். நமக்கு எடம் கெடச்சிருச்சுங்கன்னு சொன்னேன்.

— அவன் என்ன சொன்னான்?

— சிரிச்சாரு.

— சிரிப்பான். அவனுக்குத் தெரியுமில்ல.

— என்ன தெரியும்?

— சூலூரெல்லாம் எறங்குங்க! சட்டியப் பாத்துப் புடிங்கம்மணி, படியில இடிச்சுப்போடாதீங்க.

— நான் எறங்கலீங்ணா. அத்தை எடத்தைத் தாரேன்னு சொல்லட்டும், அப்பறம் எறங்கறேன்.

— அங்க எடம் இருந்தாத்தான கண்ணு தாரதுக்கு? கோழியுமில்ல, அடையுமில்ல. நோம்பியன்னைக்குப் பூவைத்தான் கொளத்துல உட்டேன், ஒடிச்ச தண்டை அத்தனையும் கூடையிலயே கொண்டாந்து பொடக்காலி நெறைய நட்டுப்போட்டேன். முச்சூடும் வேர் புடிச்சிருச்சு, எறங்கி வந்து உன்ற நர்சரியப் பாரு!